இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வைத்துக் காப்பாற்றி வருபவருக்கு எஞ்சின் பழுதாவது செலவு, பெயின்ட் உரிவது மனக்குறை. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் பழுதாவதோ இவ்விரண்டையும் தாண்டிச் சென்று, முன்பின் தெரியாத ஒரு மனிதரை எதுவரை நம்பலாம் என்னும் கேள்வியைக் கார் ஷெட்டின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. எஞ்சினைப் பற்றி அமெரிக்காவில் எவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், கடிதம் கொண்டுவரும் தபால்காரர் ஆகியோர் பானெட்டுக்குள் தலையை நுழைத்துக் கார்புரேட்டர் என்றும் டிஸ்ட்ரிபியூட்டர் என்றும் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்க, அவற்றில் ஒன்று தப்பித் தவறிச் சரியாகவும் இருந்துவிடுவதுண்டு. டிரான்ஸ்மிஷன் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் அதே மனிதர்களுக்கு வீட்டில் ஏதோ அவசர வேலை நினைவுக்கு வருகிறது.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஓட்டுபவரின் கைகால்களிலிருந்து பறித்துக்கொண்ட இந்தப் பெட்டிக்குள் நடப்பதெல்லாம் எண்ணெய்க்குள் மூழ்கியபடி, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்றொரு வெல்டிங் வைத்து மூடிய எஃகுக் கூடு உண்டு. அதில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு சக்கரம் எண்ணெயை வீசியடிக்க, எதிரிலுள்ள இன்னொரு சக்கரம் அந்த வேகத்தை வாங்கிச் சுழல, இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர் எனப்படும் மூன்றாவது சக்கரம் திரும்பிவரும் எண்ணெயைச் சரியான திசைக்குத் திருப்பி அனுப்புகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905இல் கப்பல்களை மனத்தில் கொண்டு காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. அதற்குப் பின்னால் கோள் கியர்கள்: நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சிறு சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்று அமைந்த இவற்றில் எதைப் பிடித்து நிறுத்தி எதை ஓடவிடுவது என்பதுதான் கியர் மாற்றமாகிறது. பிடிக்கும் வேலையைக் காகிதநார் ஒட்டிய கிளட்ச் தட்டுகளும், உருளையைச் சுற்றி இறுக்கும் பேண்டு என்னும் எஃகுப் பட்டையும் செய்கின்றன. எப்போது எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது வால்வு பாடி. எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டினாற்போல் வளைந்து நெளிந்த எண்ணெய்த் தடங்களும், அவற்றில் முன்னும் பின்னும் நகரும் வால்வுகளும், ஆங்காங்கே உருளும் சிறு குண்டுகளும் கொண்ட இந்த வார்ப்பு, கம்ப்யூட்டர் என்ற பேச்சே காரில் இல்லாத காலத்தில், எண்ணெயின் அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரா-மேட்டிக்கைக் கொண்டுவந்தது. ஷெவர்லேயின் பவர்கிளைடு 1950இலும், கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் 1956இலும் வந்தன. டார்க்ஃபிளைட்டுக்கு முதல் சில ஆண்டுகள் கியர்த் தண்டுகூட இல்லை, லிஃப்டில் மாடி எண்ணை அமுக்குவதைப் போல் பொத்தானை அமுக்கினால் போதும். அம்பாசடரிலும் பியட்டிலும் கியர் போட்டுத் தோள் வலித்த தலைமுறைக்கு இந்தச் சொகுசைக் கேட்கப் பொறாமையாக இருக்கலாம். தொடர்ந்து படித்தால் அந்தப் பொறாமை தணியும்.

பொதுப்படையாகவே பேசிக்கொண்டிருந்தால் ஆய்வு நகராது என்பதால், மிச்சிகன் மாநிலத்தில் ஓடும், அல்லது ஓட விரும்பும், 1966ஆம் ஆண்டு பியூக் ரிவியரா ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பதினேழரை அடி நீளமும், ஏறத்தாழ 7 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சினும், பெட்ரோல் பங்க்கைக் கண்டால் தானே திரும்பும் சுபாவமும் கொண்ட இந்தக் காரில் சூப்பர் டர்பைன் 400 என்ற மூன்று கியர் டிரான்ஸ்மிஷன் இருக்கிறது. மற்ற கார்களில் டர்போ-ஹைட்ராமேட்டிக் 400 என்று பெயர் வழங்கும் இதை ரோல்ஸ்-ராய்ஸ் விலைக்கு வாங்கித் தன் சில்வர் ஷேடோவில் பொருத்தியது, ஃபெராரியும் 1976இல் வாங்கியது. ரிவியராவின் உரிமையாளர் இவ்விரு செய்திகளையும் விருந்தினருக்குக் காபி கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். அவர் சொல்ல மறப்பது, 1965 முதல் 1967 வரையிலான பியூக்குகளில் இந்தப் பெட்டிக்குள் கூடுதலாக ஒரு வினோதம் உண்டு என்பதுதான். ஸ்டேட்டரின் இறக்கைகள் ஒரே கோணத்தில் நிற்காமல், மின்சாரச் சுவிட்சு ஒன்றின் உத்தரவுப்படி இரண்டு கோணங்களுக்கிடையே மாறிக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது கார் முன்னால் ஊர்ந்து போகாமலிருக்க ஒரு கோணம், சாலையில் ஓடும்போது எண்ணெய் வழுக்காமலிருக்க இன்னொரு கோணம். வெளியிலிருந்து இதை அடையாளம் காண ஒரே வழி, பெட்டியின் பக்கவாட்டிலுள்ள மின்இணைப்பில் ஒரு முள்ளுக்குப் பதில் இரண்டு முட்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இந்த இரண்டு முட்கள் பின்னால் மீண்டும் வரும்.

இந்தக் காரில் ஒரு நாள் கியர்கள் தாமதமாகவும் உதைத்துக்கொண்டும் மாறத் தொடங்கின. சைலன்சரில் வெள்ளைப் புகை கிளம்பியது. தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமலே டிரான்ஸ்மிஷன் எண்ணெய் குறைந்துகொண்டு வந்தது. உரிமையாளர் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள டிரான்ஸ்மிஷன் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சொன்ன பதில்: இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த வாக்கியத்தின் சிக்கல் அது பொய் என்பதல்ல, உண்மை என்பதே. நாணயமான மெக்கானிக் உள்ளே இருப்பது தெரியாததால் அப்படிச் சொல்கிறார். நாணயமற்றவர், உள்ளே இருப்பது என்னவாக இருந்தாலும் பில் என்ன என்பது தமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் அப்படிச் சொல்கிறார். கேட்பவர் காதில் இரண்டும் ஒரே வாக்கியமாகவே விழுகின்றன. பெட்டியைக் காரிலிருந்து கழற்றி, மேசைமேல் நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பரப்பி வைத்தபின் உரிமையாளருக்குப் பேரம் பேசும் உரிமை சட்டப்படி இருக்கிறதே தவிர, அந்தத் துண்டுகளைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போனவர் எவரும் இல்லை. பொருளாதார அறிஞர்கள் இந்த நிலைமையை ஆராயாமல் விடவில்லை. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்ச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாததால் விளையும் கேட்டைப் பேசியது. பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த ஆய்வுகளுள் அது தலையாயது. ஆனால் பழைய காரை வாங்கி ஏமாந்தவர் மறுவாரமே தாம் ஏமாந்ததைத் தெரிந்துகொள்கிறார். டிரான்ஸ்மிஷனைப் புதுப்பித்தவருக்கு அந்த ஆறுதலும் கிடையாது. கார் நன்றாக ஓடுகிறது, அதற்காகத்தானே பணம் கொடுத்தார். ஐம்பது டாலரில் முடிந்திருக்க வேண்டியது மூவாயிரம் டாலரில் முடிந்ததா என்பது அவர் ஆயுளுக்கும் அறிய முடியாதது. வாங்கிய பின்னும் தரத்தைக் கண்டறிய இயலாத இவ்வகைச் சேவைகளை மைக்கேல் டார்பி, எடி கர்னி என்னும் இருவர் 1973இல் ஆராய்ந்து, தடையற்ற போட்டியில் மோசடியின் உகந்த அளவு எவ்வளவு என்பதையே தங்கள் கட்டுரையின் தலைப்பாக வைத்தார்கள். மோசடிக்கு உகந்த அளவு ஒன்று உண்டு என்ற செய்தி, அதைப் பரிசோதிக்கும் பொருளாகத் தம் கார் பயன்படாத வரையில், எவருக்கும் சுவையானதுதான்.

உகந்த அளவு இருக்கட்டும், நடப்பில் உள்ள அளவை அறியவும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1941இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்காக ரோஜர் வில்லியம் ரீஸ் நடத்திய அந்தச் சோதனையில், நல்ல நிலையிலிருந்த ஒரு காரின் இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு வயரை மட்டும் கழற்றிவிட்டு, அமெரிக்காவின் 48 மாநிலங்களிலும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார்கள். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படக்கூடிய கோளாறு அது. திரும்பச் செருகினால் வேலை முடிந்தது. 347 பட்டறைகளில் 129 மட்டுமே வயரைச் செருகிவிட்டுக் காசு வாங்காமலோ சிறு தொகை வாங்கிக்கொண்டோ அனுப்பின. ஏனைய 218 பட்டறைகள், அதாவது நூற்றுக்கு 63, இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தன. கவனிக்க வேண்டியது, இது கண்ணெதிரே தொங்கும் வயரின் கதை. எண்ணெய்க்குள் மூழ்கி, வார்ப்பு உலோகத்தால் மூடப்பட்ட பெட்டியைக் கொண்டு இதே சோதனையைச் செய்தால் என்ன வரும் என்பதை ரீஸ் பார்க்காமல் விட்டது அவருடைய நல்லெண்ணத்தைக் காட்டுகிறது.

அரசாங்கங்களும் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியா 1971இல் மோட்டார் பழுதுபார்ப்புச் சட்டம் ஒன்றை இயற்றியதோடு நில்லாமல், ‘ரீபில்ட்’ செய்தது என்று ஒரு கடை விளம்பரப்படுத்தும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனில் என்னென்ன மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதைத் தனி விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. உள்ளும் புறமும் உள்ள ஆயில் சீல்கள், கேஸ்கெட்டுகள், உராய்வுத் தட்டுகள், வடிகட்டி என்று நீளும் அந்தப் பட்டியலைப் படிப்பவருக்கு, அந்த விதி வருவதற்கு முன் எவற்றையெல்லாம் மாற்றாமல் ‘ரீபில்ட்’ என்று விற்றிருப்பார்கள் என்பது தானாகவே விளங்கிவிடும். வெளியே வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து, அடியில் புதுக் கேஸ்கெட் வைத்து, உள்ளே பழைய பாவங்களை அப்படியே விட்டுவைப்பது அந்தக் கலையின் ஆரம்பப் பாடம். மிச்சிகன் மாநிலம் 1974இல் இயற்றிய சட்டம், மெக்கானிக்குகள் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்கிறது. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனுக்கு அதில் தனிப் பிரிவே இருக்கிறது. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அந்தச் சான்றிதழ் மெக்கானிக்குக்கு வேலை தெரியும் என்பதற்கு உத்தரவாதம். வேலை நன்றாகத் தெரிந்தவரால்தான் திறம்பட ஏமாற்றவும் முடியும் என்பதால், சான்றிதழைக் கண்டு உரிமையாளர் அடையும் நிம்மதியை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

ரிவியராவுக்குத் திரும்பினால், அதன் மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டுகின்றன. டிரான்ஸ்மிஷனின் வலப்பக்கத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் மாடுலேட்டர் என்னும் தகர டப்பா ஒன்று, ஒற்றை போல்ட்டின் பிடியில் செருகப்பட்டிருக்கிறது. எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை, எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய குழாயின் வழியே உறிஞ்சு அழுத்தமாக உணர்ந்து, அதற்கேற்ப முன்னதாகவோ தாமதமாகவோ கியர் மாறும்படி செய்வது இதன் வேலை. இதற்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்துபோனால், எஞ்சின் அந்தக் குழாய் வழியாகவே டிரான்ஸ்மிஷன் எண்ணெயை உறிஞ்சிக் குடித்து, எரித்து, வெள்ளைப் புகையாக வெளியே விடும். எண்ணெய் குறைந்தது ஏன், தரை நனையாதது ஏன், கியர் உதைத்தது ஏன் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இந்த டப்பாவுக்குள் இருக்கிறது. குழாயைப் பிடுங்கிப் பார்த்து, உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் தெரிந்தால் வழக்கு முடிந்தது. டப்பாவை மாற்ற அரைமணி நேரமும், ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடும் செலவும் போதும். ரீஸ் தம் கையால் கழற்றிவிட்ட வயரை இங்கே இயற்கையே கழற்றிவிட்டிருக்கிறது. ஆகவே ஒரு கடையின் தராதரத்தை அறிய விரும்புபவர் அதன் வாரண்டியையோ, வரவேற்பறையின் நாற்காலிகளையோ பார்க்க வேண்டியதில்லை. காரை லிஃப்டில் ஏற்றியதும் அவர்கள் கை முதலில் அந்தக் குழாய்க்குப் போகிறதா, டிரான்ஸ்மிஷன் ஜாக்கிக்குப் போகிறதா என்று பார்த்தால் போதும்.

காருக்குப் பின்னால் நிற்க விட்டால்தானே பார்ப்பது. பெரும்பாலான கடைகளில் வாடிக்கையாளரை இன்சூரன்ஸ் விதி என்று சொல்லி வரவேற்பறையிலேயே உட்கார வைத்து, சிறிது நேரம் கழித்து, ஆயில் பானைத் தட்டோடு ஏந்திக்கொண்டு வருகிறார்கள். பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் இந்தத் தகரத் தட்டில் படிந்துள்ள சாம்பல் நிறச் சேற்றை விரலால் வழித்து, வெளிச்சத்தில் காட்டி, தலையை மெல்ல ஆட்டும் மெக்கானிக்கின் முகத்தில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளிவரும் டாக்டருக்குரிய துக்கம் குடிகொண்டிருக்கும். அந்தச் சேறு, கிளட்ச் தட்டுகள் ஆண்டுக்கணக்கில் உரசி உதிர்த்த நுண்பொடி; நன்றாக ஓடும் எந்தப் பழைய டிரான்ஸ்மிஷனிலும் கொஞ்சம் இருக்கும். பயப்பட வேண்டியது ஊசிபோல் மினுங்கும் எஃகுத் துணுக்குகளுக்கும், காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் நிறப் பித்தளைச் செதில்களுக்கும்தான். பித்தளை வந்தால் புஷ்ஷோ வாஷரோ தேய்ந்து அழிகிறது என்று பொருள். எனவே சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தோடு கடைக்குப் போகும் உரிமையாளர் சாதுவாக அதை எடுத்துச் சேற்றில் வைத்த கணத்தில், தட்டை ஏந்தியவரின் துக்கம் பாதி குறைந்துவிடுவதைக் காணலாம்.

நம் ரிவியராவின் விஷயத்தில் மாடுலேட்டரை மாற்றியதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கும் வேலை இருந்திராது. உரிமையாளர் அறிகுறிகளைக் காகிதத்தில் எழுதுவதற்கு முன் பல வாரங்கள் குறைந்த எண்ணெயிலேயே காரை ஓட்டிவிட்டார். புது மாடுலேட்டர் போட்ட பின்பு புகை நின்றது, ஆனால் மூன்றாவது கியரில் எஞ்சின் உறுமியதே ஒழிய கார் அதற்கேற்ப நகரவில்லை. எண்ணெய் அளவுகோலைத் துடைத்து முகர்ந்தால் கருகிய வாடை அடித்தது. இப்போது உண்மையாகவே இறக்கிப் பார்க்க வேண்டிய நிலை.

இத்தகைய கட்டத்தில் நல்ல கடையை எவ்வாறு அறிவது என்பதற்கு இவ்வரிகளை எழுதுபவர் கொண்டிருக்கும் கருத்து, பெரும்பாலோர் கருத்துக்கு மாறானது. உரிமையாளர்கள் வினாத்தாள் தயாரித்துக்கொண்டு கடைக்காரரைத் தேர்வு செய்யப் பார்க்கிறார்கள். எண்ணெய் மட்டத்தைப் பார்க்கும்போது கியர் எதில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பிடித்தமான கேள்வி. பியூக்கில் பார்க்கிங்கிலும், பழைய கிரைஸ்லரில் நியூட்ரலிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விடை, ஏனெனில் கிரைஸ்லரின் பார்க்கிங் நிலையில் கன்வெர்ட்டருக்கு எண்ணெய் போவதில்லை. ஆனால் விடைகளை மனப்பாடம் செய்வது எளிது. நல்ல பொய்யருக்கு ஞாபகசக்தி அவசியம் என்பதால் இத்தகைய தேர்வுகளில் அவரே முதல் மதிப்பெண் வாங்குவார். பழைய எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்திருந்தார்கள், கிளட்ச் தட்டுகள் வெடுக்கென்று கவ்வாமல் பதமாகக் கவ்வ அது உதவியது, 1970களின் தொடக்கத்தில் திமிங்கலத்துக்குப் பாதுகாப்பு வந்தபின் அது போயிற்று என்னும் வரலாற்றைக் கடகடவென்று ஒப்பிக்கும் கடைக்காரர்களும் உண்டு. வரலாறு உண்மைதான், ஆனால் பழுதுக்கான பொறுப்பு கடலுக்குப் போய்விட்டால் பில்லுக்கான பொறுப்பு யாருடையது என்பது மட்டும் தெளிவாகிவிடுகிறது. கவனிக்க வேண்டியது கடைக்காரர் சொல்லும் விடையை அல்ல, அவர் கேட்கும் கேள்வியை. மூன்றாவது கியர் வழுக்குகிறது என்று சொன்னதும், வேலை தெரிந்து அதைச் செய்யும் விருப்பமும் உள்ள மனிதர் கேட்கும் முதல் கேள்வி: ‘ரிவர்ஸ் எப்படி?’ இந்த டிரான்ஸ்மிஷனில் டைரக்ட் கிளட்ச் என்னும் ஒரே தட்டுக் கொத்துதான் மூன்றாவது கியரையும் ரிவர்ஸையும் பிடிக்கிறது. ரிவர்ஸும் வழுக்கினால் கோளாறு அங்கே இருக்க வாய்ப்பு மிகுதி, ரிவர்ஸ் நன்றாக இருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. விலையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியவர்கள் எவரும் கேட்காத இந்த இரண்டு சொற்களுக்காகவே உரிமையாளர் அத்தனை போன்களைப் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது கேள்வி அந்த இரண்டு முட்களைப் பற்றியது. ஒற்றை முள்ளா, இரட்டை முள்ளா என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஸ்டேட்டரின் இறக்கைகள் திரும்பும் விஷயம் தெரியும். தெரியாத கடைகள், அல்லது தெரிந்தும் சிரமப்பட விரும்பாத கடைகள், கையில் இருக்கும் சாதாரணக் கன்வெர்ட்டரைக் கொண்டு சமாளித்து, மிஞ்சிய வயரைக் கறுப்பு டேப்பால் சுற்றிக் காரின் அடியில் ஒளித்துக் கட்டிவிடுகின்றன. கார் ஓடும். உரிமையாளருக்கும் ஒன்றும் தெரியாது. பத்தாண்டு கழித்து வேறொருவர் காருக்கு அடியில் படுத்து அந்த டேப்பைப் பிரிக்கும்போது சொல்லும் வார்த்தைகள் அச்சில் ஏறத்தக்கவையல்ல.

எஸ்டிமேட் என்பது தனி இலக்கிய வகை. அதில் சாஃப்ட் பார்ட்ஸ், ஹார்டு பார்ட்ஸ் என்று இரு பிரிவுகள் உண்டு. சீல், கேஸ்கெட், கிளட்ச் தட்டு போன்றவை முதல் வகை, உருளை, கியர், பம்ப், தண்டு போன்றவை இரண்டாம் வகை. முதல் வகைக்கு விலை அச்சிடப்பட்டிருக்கும், இரண்டாம் வகைக்கு எதிரே ‘தேவைப்பட்டால்’ என்றிருக்கும். தேவைப்படாத டிரான்ஸ்மிஷன் இதுவரை பிறக்கவில்லை. வாரண்டி 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை என்பது வழக்கமான வாசகம். ஆண்டுக்கு முந்நூறு மைல், அதுவும் மழை பெய்யாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடும் ரிவியராவுக்கு 12,000 மைல் ஓட 40 ஆண்டுகள் தேவை. எது முந்தும் என்பதைக் கடைக்காரர் கணக்குப் பார்த்துத்தான் புன்னகைக்கிறார். மேலும், இப்படிச் சும்மா நிற்கும் கார்களில் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து போவதைவிட ரப்பர்ச் சீல்கள் காய்ந்து இறுகிப் போவதே அதிகம். ஓட்டினால் கெடும் என்று பயந்து ஓட்டாமல் வைத்திருப்பவரின் டிரான்ஸ்மிஷன் ஓட்டாததாலேயே கெடுவதைக் காணும்போது, சோம்பேறிக்கு இரட்டிப்பு வேலை என்பது ரப்பருக்கும் பொருந்தும் போலும் என்று எண்ணத் தோன்றுகிறது.

‘ரிவர்ஸ் எப்படி?’ என்று கேட்ட மனிதர் ஒருவர் இறுதியில் அகப்படத்தான் செய்தார். இத்தகையோரின் இயல்புகள் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கடைக்குப் பெயர்ப்பலகை இராது, இருந்தாலும் வேறு தொழிலுக்குரியதாக இருக்கும். போனை எடுப்பது அவருடைய மனநிலையைப் பொறுத்தது. பத்துக் கியர்களும் கம்ப்யூட்டரும் கொண்ட இன்றைய டிரான்ஸ்மிஷன்களைப் பெரிய கடைகள் பிரிப்பதே அரிது. பழையதைக் கழற்றி, தொழிற்சாலையில் புதுப்பித்து வந்ததை மாட்டி அனுப்புகின்றன. பிரித்துச் சேர்க்கும் கை பழக்கமுள்ளவர்கள் குறைந்துவிட்டதால், அத்தகைய கைகள் எஞ்சியுள்ளவரிடம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் வேலை செய்வதைப் பார்க்க அனுமதி கிடைத்தால் தவறவிடக் கூடாது. புதுக் கிளட்ச் தட்டுகளைச் சேர்ப்பதற்கு முன் எண்ணெயில் ஊறப்போடுகிறார். தடங்களில் வைக்கும் சிறு குண்டுகள் கவிழ்க்கும்போது உருண்டோடாமலிருக்க வாசலீனைத் தடவி ஒட்டவைக்கிறார். தண்டின் நுனியில் டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் அசைத்து, எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற கனமுள்ள வாஷரைத் தேடி எடுக்கிறார். எல்லாம் சேர்த்தபின், எண்ணெய் போக வேண்டிய துளைகளில் காற்றைச் செலுத்துகிறார்; ஒவ்வொரு கிளட்சும் உள்ளே கவ்வும்போது ‘டொக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். புஸ்ஸென்று கேட்டால் சீல் எங்கோ மடங்கியிருக்கிறது. ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடி பிரிக்கிறார். பில்லில் அந்த இரண்டாம் முறைக்கு வரியே கிடையாது என்பதைக் கண்டு உரிமையாளர் சற்றுக் கலவரமடைவார், பழகிய கடைகளில் அதற்குத் தனித்தொகை இருந்திருக்கும்.

ஆனால் அவரிடம் போய்ச் சேர்வதற்கு முன் உரிமையாளர் இன்னொன்றைக் கடக்க வேண்டியிருந்தது. இத்தனை நாளும் கடைகளை நாணயத் தேர்வுக்கு உட்படுத்தியவர், இப்போது தாமே தேர்வு நாற்காலியில் உட்கார வேண்டி வந்தது. வழுக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள், பாட்டிலில் விற்கும் ‘வழுக்கல் நிறுத்தி’ ஏதாவது ஊற்றினீர்களா, இதற்குமுன் யாராவது பிரித்திருக்கிறார்களா, அதை யாரோ செய்ததாகச் சொல்கிறீர்களே அந்த யாரோ நீங்கள்தானா என்ற கேள்விகளுக்கு அவர் சொன்ன விடைகளில் சில திருத்தப்பட்டன. மேலும், பெரியவர் மேசை வேலை மட்டுமே செய்பவர், காருக்கு அடியில் போவதில்லை. கழற்றிக் கொண்டுவருவதும் திரும்ப மாட்டுவதும் வாடிக்கையாளர் பொறுப்பு. கூலர் குழாய்களையும் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரையும் கழுவிச் சுத்தம் செய்யாமல் மாட்டினால், பழைய பெட்டியின் அழுக்கு புதிய தட்டுகளில் போய்ச் சேரும், அப்படிச் சேர்ந்தால் தம் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று.

உரிமையாளர் அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பெட்டியை, வாடகைக்கு எடுத்த டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் இறக்கி, மைத்துனரின் உதவியோடு பிக்கப் லாரியில் ஏற்றிக்கொண்டு, நவம்பர் 14ஆம் தேதி மாலை போய்ச் சேர்ந்தார். மிச்சிகனில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் 15ஆம் தேதி தொடங்கி 30ஆம் தேதி முடிகிறது. அந்த நாட்களில் இத்தகைய கடைகள் திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது தீபாவளியன்று தையற்கடையில் அளவு கொடுக்கப் போவதற்குச் சமம். பெரியவர் ஆரஞ்சு நிறத் தொப்பியுடன் வெளியே வந்து, பெட்டியின் வாய்ப்பக்கத்தைக் குனிந்து பார்த்து, கன்வெர்ட்டர் எங்கே என்று கேட்டார். அது எஞ்சினோடு போல்ட் பூட்டியபடி வீட்டிலேயே இருந்தது. பழைய தட்டுகளின் கருகிய பொடியெல்லாம் அதற்குள்தான் போய்த் தேங்கியிருக்கும், அதை லேத்தில் அறுத்துத் திறந்து, கழுவி, மறுபடி வெல்டிங் வைத்து மூடாமல் இந்த வேலையைத் தொடங்குவதில்லை என்று சொல்லிவிட்டு, பெட்டியை மட்டும் மேசைமேல் இறக்கி வைக்கச் சம்மதித்தார். மாநிலச் சட்டம் கோரும் எழுத்து மூலமான எஸ்டிமேட்டைக் கேட்பதா, பெட்டியை ஒப்படைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டாவது கேட்பதா என்று உரிமையாளர் யோசித்து முடிப்பதற்குள் கதவில் பூட்டு விழுந்துவிட்டது. டிசம்பர் 1ஆம் தேதி கன்வெர்ட்டரோடு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று மைத்துனர் லாரியை ரிவர்ஸ் எடுத்தார்.